"எத்தனை ஸ்டெப் சார் இன்னிக்கு?" தாத்தா, பாட்டிகளை நடக்க வைக்கும் கைக்கடிகாரம்!

10 ஆயிரம் கணக்கு எங்கிருந்து வந்தது?
சர்க்கரை காட்டும் வாட்சை நம்பினால் ஆபத்து!

ஆவடியை அடுத்த சேக்காட்டில் விடிந்தும் விடியாத நேரத்தில் தெருவில் இறங்கினால் வாக்கிங் போகும் பெரியவர்களைப் பார்க்கலாம். வேட்டியை மடித்துக் கட்டியவர், அரைக்கால் டவுசர் போட்டவர், சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ மாட்டிய அம்மாள். எல்லாரும் 60-ஐத் தாண்டியவர்கள். கையை வீசி நடக்கிறார்கள். நாலு வீடு தாண்டியதும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

மணி பார்க்கிறார்களா? இல்லை. காலடியை எண்ணுகிறார்கள்!

"என்ன சார், இன்னிக்கு எவ்வளவு?"

"நாலாயிரத்து எண்ணூறு. ராத்திரிக்குள்ளே அஞ்சாயிரம் ஆயிடும். உங்களுக்கு?"

வாக்கிங் போகிறவர்களின் பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கிறது. பென்ஷன், கரண்ட் பில், தண்ணீர் லாரி எல்லாம் இதற்குப் பிறகுதான். இந்தச் சின்னக் கருவிக்கு வயதானவர்களை வீட்டை விட்டு வெளியே இழுக்கும் சக்தி உண்டா? உண்டு என்கின்றன ஆராய்ச்சிகள். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது.

மறுபடியும் வருகைப் பதிவு

ஆவடி வட்டாரம் ரிடையர் ஆனவர்களின் வட்டாரம். ராணுவ டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-ல் இங்கே அமைக்கப்பட்டது. 1965-ல் "விஜயந்தா" டாங்கி உருண்டு வந்தது இங்கிருந்துதான். ராணுவ உடைத் தொழிற்சாலை, ரெயில்வே, அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகள் என்று உழைத்து ஓய்ந்தவர்கள் சேக்காட்டிலும் பட்டாபிராமிலும் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.

30, 35 வருடம் குறித்த நேரத்துக்கு கேட்டில் கார்டு "பஞ்ச்" பண்ணிப் பழகிய கைகள் இவை. ரிடையர் ஆன மறுநாள் காலையில் வருகைப் பதிவு எடுக்க யாரும் இல்லை. உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். டி.வி. முன்னால் உட்கார்ந்த உடம்பில் சர்க்கரை ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது, முழங்கால் பிடித்துக்கொள்கிறது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சர்வேப்படி நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். தமிழ்நாட்டில் 100-க்கு 14 பேருக்கு மேல்! இந்தக் கணக்கெடுப்பை முன்நின்று நடத்தியது சென்னையில் உள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனம்தான்.

நின்றுபோன அந்த வருகைப் பதிவை இப்போது மணிக்கட்டில் கட்டிய கருவி எடுக்கிறது. காலையில் எழுந்ததும் பூஜ்யம் காட்டுகிறது. படுக்கப் போவதற்குள் அதை எதையாவது ஆக்கிக் காட்ட வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. சூட்சுமம் அவ்வளவுதான்.

பஜனைக்கும் ஸ்டெப் ஏறும்!

கருவிக்குள் இருப்பது அசைவை உணரும் ஒரு பொடிச் சில்லு. நடக்கும்போது உடம்பும் கையும் ஒரே தாளத்தில் அசைகின்றன அல்லவா? அந்தத் தாளத்தைப் பிடித்து, இது ஒரு காலடி, இது அடுத்த காலடி என்று கணக்குப் போடுகிறது.

ஏமாறுவதும் உண்டு. கோவிலில் பஜனைக்குக் கை தட்டினால் சில வாட்சில் நாலு ஸ்டெப் ஏறிவிடும். குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டரில் போனாலும் ஏறலாம். இதற்கு நேர்மாறான கோளாறுதான் வயதானவர்களுக்குத் தொல்லை. கைத்தடி ஊன்றியோ, நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டோ, காலை இழுத்து இழுத்து மெதுவாகவோ நடப்பவர்களின் காலடியைக் கருவி பாதி விட்டுவிடும். ஒரு கையில் காய்கறிப் பையைத் தூக்கி வந்தால் அந்தக் கையில் கட்டிய வாட்சுக்கு நடையே தெரியாது. பாவம், நடந்தவருக்குக் கணக்கு இல்லை!

ஆகவே ஒரு நாள் கணக்கைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்றைக்கு இன்று கூடியதா என்று பார்ப்பதற்குத்தான் இது. இன்னொரு விஷயம்: பெரும்பாலான செல்போனிலேயே இதே சில்லு இருக்கிறது. சட்டைப் பையில் போனைப் போட்டுக்கொண்டு நடந்தாலே எண்ணிவிடும். மகனோ மகளோ ஒரு தடவை சரி செய்து கொடுத்தால் போதும். தனியாக வாட்ச் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஜப்பான்காரர் கிளப்பிவிட்ட கணக்கு

"தினம் 10 ஆயிரம் ஸ்டெப் நடக்கணுமாமே, நமக்கு ஆகுமா?" என்று பயந்தே வாட்சைக் கழற்றி வைத்தவர்கள் பல பேர். இந்த 10 ஆயிரம் எந்த டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு?

எந்த டாக்டரும் எழுதவில்லை. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜப்பான் முழுவதும் உடற்பயிற்சி மோகம் பிடித்தது. அதைப் பார்த்து 1965-ல் யமாசா என்ற கடிகாரக் கம்பெனி, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காலடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் "மான்போ-கெய்". "பத்தாயிரம் காலடி மீட்டர்" என்று அர்த்தம். உருட்டிச் சொல்ல நன்றாக இருந்த விற்பனைப் பெயர் உலகம் முழுவதும் சட்டமாகிவிட்டது!

அதற்குச் சரியாக 100 வருடம் முந்தியே நம் நாட்டுக்காரர் ஒருவர் இதே கணக்கை எண்ணினார் என்றால் நம்புவீர்களா? 1802-ல் நம் பரங்கிமலை அருகே தொடங்கிய மகா நில அளவைதான் பிற்பாடு இமயம் வரை போனது. அந்த இலாகா 1865-ல் நயின்சிங் என்ற குமாவுன் மலைக்காரரை ரகசியமாகத் திபெத்துக்கு அனுப்பியது. ஒரே அளவில் காலடி வைக்க அவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கையில் ஒரு ஜபமாலை. வழக்கமாக 108 மணி இருக்கும். அவர் மாலையில் 100 மணி. நூறு காலடிக்கு ஒரு மணியைத் தள்ளுவார். மாலை ஒரு சுற்று வந்தால் 10 ஆயிரம் காலடி, அதாவது 5 மைல்! பார்க்கிறவர்கள் சாமியார் ஜபம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படியே எண்ணிக்கொண்டு 1866-ல் லாசா போய்ச் சேர்ந்தார்.

அவர் உளவு பார்க்க நடந்தவர். 70 வயதுப் பாட்டிக்கு அத்தனை தேவையா?

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-மின் லீ என்ற பெண் டாக்டரின் குழு 2019-ல் இதற்குப் பதில் சொன்னது. 16 ஆயிரத்து 741 பெண்களின் இடுப்பில் கருவியைக் கட்டி எண்ணினார்கள். சராசரி வயது 72. நாளைக்கு 2,700 காலடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 காலடி நடந்தவர்களில் சாவு 41 சதவீதம் குறைவு. 7,500 வரை பலன் கூடிக்கொண்டே போனது. அதற்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் லாபம் தெரியவில்லை. வேகமாக நடந்தாரா, மெதுவாக நடந்தாரா என்பதும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை.

2022-ல் 15 ஆராய்ச்சிகளைச் சேர்த்து, 47 ஆயிரம் பேருக்கு மேல் பார்த்தபோதும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6 ஆயிரம் முதல் 8 ஆயிரம் வரைதான் பலன் ஏறியது.

நடந்ததால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருந்தவர்கள்தான் நடந்தார்களா என்று குறுக்குக் கேள்வி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனாலும் பெரியவர்களுக்கு இது நல்ல சேதி. 4,400 காலடி என்றால் ஏறக்குறைய 3 கிலோ மீட்டர். அதில் வீட்டுக்குள் நடப்பது, பால் வாங்கப் போவது, மாடியில் துணி காயப்போடுவது எல்லாம் அடக்கம். பவுர்ணமிக்குப் பவுர்ணமி திருவண்ணாமலையில் 14 கிலோ மீட்டர் கிரிவலம் வந்துவிட்டு மீதி நாள் முழுக்க ஈசிச்சேரில் சாய்ந்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இலக்கு இல்லாவிட்டால் சும்மா!

சரி, எண் கண்ணுக்குத் தெரிந்தால் கால் நடந்துவிடுமா?

2007-ல் அமெரிக்காவில் 26 ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்தார்கள். காலடி எண்ணும் கருவி கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்களை விட நாளைக்கு 2,500 காலடி அளவுக்குக் கூடுதலாக நடந்தார்கள். ஆனால் "இத்தனை நடக்க வேண்டும்" என்று இலக்கு வைத்துக்கொள்ளாதவர்களுக்கு நடை குறிப்பிடும்படி கூடவில்லை. சொல்லப் போனால் வாட்சை விட இலக்குதான் முக்கியம்.

லண்டனில் 45 முதல் 75 வயது வரை உள்ள 1,023 பேரை வைத்து நடந்த சோதனை இன்னும் ருசிகரமானது. ஒரு பகுதியினருக்குக் கருவியும் நடைத் திட்டமும் தபாலில் போயின. இன்னொரு பகுதியினருக்கு நர்சு நேரில் பேசி ஊக்கம் கொடுத்தார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பேரும் ஏறக்குறைய சமம்! ஒன்றும் கொடுக்கப்படாதவர்களை விட நாளைக்கு 650 காலடி போல அதிகம் நடந்தார்கள். 3 வருடம் கழித்தும் அந்தப் பழக்கம் பெருமளவு நின்றது.

650 காலடி என்ன பிரமாதம் என்று தோன்றும். தெருமுனைக் கடைக்குப் போய் வரும் தூரம்தான். ஆனால் 3 வருடம் விடாமல் போய் வந்தார்களே, அதுதான் சங்கதி!

மறுபக்கமும் உண்டு. 2016-ல் அமெரிக்காவில் உடல் பருத்த வாலிபர்கள் 471 பேரிடம் நடந்த சோதனையில், கருவி கட்டியவர்கள் 2 வருடத்தில் 3½ கிலோ இளைத்தார்கள். கட்டாதவர்கள் கிட்டத்தட்ட 6 கிலோ இளைத்தார்கள்! வாட்ச் வாங்கிக் கட்டியாச்சு, வேலை முடிஞ்சுது என்று உட்கார்ந்துவிடும் குணம் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

சென்னை டாக்டர்களின் எஸ்.எம்.எஸ். வைத்தியம்

நம் சென்னை டாக்டர்களே ஒரு முக்கியமான சோதனை நடத்தியிருக்கிறார்கள். பலருக்குத் தெரியாது.

சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் ஏ. ராமச்சந்திரனின் குழுவினர், தொழிற்சாலைகளில் வேலை பார்த்த 537 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது 35 முதல் 55 வரை. எல்லாரும் சர்க்கரை நோயின் வாசற்படியில் நின்றவர்கள். எல்லாருக்கும் ஆலோசனை சொல்லப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும், நடக்கச் சொல்லியும் சாப்பாட்டைக் கவனிக்கச் சொல்லியும் செல்போனில் சாதா எஸ்.எம்.எஸ். அடிக்கடி போய்க்கொண்டிருந்தது.

2013-ல் முடிவு வெளியாயிற்று. 2 வருடத்தில் எஸ்.எம்.எஸ். போகாதவர்களில் 100-க்கு 27 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. எஸ்.எம்.எஸ். போனவர்களில் 18 பேருக்குத்தான்!

வாட்ச் இல்லை, பச்சை விளக்கு இல்லை. யாரோ ஒருவர் ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார். அவ்வளவே. அன்று அந்தச் சோதனையில் இருந்தவர்கள் இன்று ரிடையர் ஆகிக்கொண்டிருக்கும் வயதுக்காரர்கள்.

சேக்காட்டுத் தெருவில் "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்கிறாரே பக்கத்து வீட்டுக்காரர், அவர் செய்வதும் இதே வேலைதான். கருவி எண்ணும், கேட்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத வாட்ச் ஆறு மாதத்தில் பீரோவுக்குள் போய்விடுகிறது. சார்ஜ் போட மறந்து போகும், எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், பட்டை வேர்வையில் அரிக்கும். கழற்றி வைக்கக் காரணமா இல்லை?

நம் ஆட்கள் நிறைய இருக்கும் சிங்கப்பூரில் அரசாங்கமே கேட்கிற ஆளாக மாறியது. 2015-ல் அங்குள்ள சுகாதார மேம்பாட்டு வாரியம் தேசிய நடைப் போட்டியை ஆரம்பித்து, காலடி எண்ணும் கருவியை இலவசமாகவே கொடுத்தது. நடந்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் கடையில் சாமான் வாங்கக் கூப்பன். அங்கே வேலை பார்க்கும் பிள்ளை இங்கே உள்ள அப்பாவிடம் போனில் "சாப்பிட்டீங்களாப்பா?" என்பதோடு "எத்தனை ஸ்டெப்புப்பா?" என்றும் கேட்டால் கூப்பன் கூட வேண்டியதில்லை.

உஷார்! உஷார்!

ஓராயிரம், ஈராயிரம் ரூபாய்க்கெல்லாம் இப்போது வாட்ச் வந்துவிட்டது. காலடி எண்ணுவதோடு நில்லாமல் பிரஷர் பார்க்கும், ஊசி குத்தாமலே சர்க்கரை பார்க்கும் என்றும் சிலர் ஆன்லைனில் விற்கிறார்கள். இங்கேதான் முதியவர்கள் மிகமிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு காட்டுவதாகச் சொல்லும் எந்த வாட்சையும் மோதிரத்தையும் நம்பாதீர்கள் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக எச்சரித்தது. அப்படி எந்தக் கருவிக்கும் அது அனுமதி கொடுத்திருக்கவில்லை. இல்லாத சர்க்கரையைக் கருவி காட்ட, அதை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் சர்க்கரை மடமடவென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். உயிரே போகலாம்!

வாட்சின் அடியில் பச்சை விளக்கு மினுக்குகிறதே, அது தோலுக்குக் கீழே ரத்தம் கூடிக் குறைவதை ஒளியால் பார்த்து நாடித் துடிப்பைக் கணிக்கிறது. பட்டை தளர்ந்தாலே அதில் தப்பு வரும். "வாட்சுல பிரஷர் நார்மல்னு காட்டுது" என்று மாத்திரையை நிறுத்துவது தற்கொலைக்குச் சமம். பிரஷருக்கு, கையில் பட்டை சுற்றிக் காற்று ஊதிப் பார்க்கும் கருவிதான் சரி. சர்க்கரைக்கு ரத்தம்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை, ஆவடிக்கென்றே. நடந்த பாதையை வரைபடமாகப் போட்டு ஊருக்கெல்லாம் காட்டும் வசதி சில செயலிகளில் இருக்கிறது. 2018-ல் "ஸ்ட்ராவா" என்ற செயலியின் உலக வரைபடத்தைப் பார்த்த ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர், பாலைவனங்களில் மறைந்திருந்த ராணுவ முகாம்கள் பளிச்சென்று தெரிவதைக் கண்டுபிடித்துவிட்டார். சிப்பாய்கள் ஓடிய தடமே முகாமைக் காட்டிக்கொடுத்தது! பாதுகாப்பு இலாகா இடங்கள் சூழ்ந்த நம்மூரில் அந்த வசதியை அணைத்து வைப்பது நல்லது. தினமும் எத்தனை மணிக்கு வீடு காலியாக இருக்கும் என்று திருடனுக்கு நாமே ஏன் சொல்ல வேண்டும்? கழுத்தில் செயினோடு இருட்டில் தனியாக நடக்கும் பெண்களும் கொஞ்சம் விடியட்டும் என்று காத்திருக்கலாம். வாட்சில் எண் ஏற இன்னும் முழுப் பகல் இருக்கிறது.

நடக்க இடம் எங்கே?

வாட்ச் இருக்கிறது, இலக்கு இருக்கிறது, கேட்க ஆள் இருக்கிறது. கால் வைக்க இடம்?

சேக்காட்டிலிருந்து சி.டி.எச். ரோட்டில் ஏறினால் லாரியும் பஸ்சும் உரசிக்கொண்டு போகின்றன. உள்தெருவில் நாய். உடைந்த கால்வாய் மூடி ஒன்று போதும், இடுப்பு எலும்பு முறிந்து பெரியவர் படுக்கையில் விழ. பருத்திப்பட்டு ஏரியைச் சீர் செய்து 2019-ல் பசுமைப் பூங்கா திறந்தார்கள். நடைபாதை அருமை. ஆனால் சேக்காட்டுக்காரர் தினமும் அங்கே நடக்க வேண்டுமானால் முதலில் வண்டி ஏற வேண்டும்!

அம்பத்தூரைத் தாண்டினால் வரும் திருமங்கலம் ஏசியாட் காலனிவாசிகள் இதில் முன்னோடிகள். அங்கே டாக்டர் வி. மோகனின் குழுவினர் சர்க்கரை நோய்க் கணக்கெடுப்பு நடத்தி, நிலைமை இப்படி இருக்கிறது என்று காலனிக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஜனங்கள் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. தாங்களே பணம் திரட்டிப் பூங்கா அமைத்துவிட்டார்கள். வாரம் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் முதலில் 100-க்கு 14 பேர். பூங்கா வந்த பிறகு 59 பேர்! 2006-ல் மருத்துவப் பத்திரிகையில் வெளியான கணக்கு இது. அங்கே யார் கையிலும் வாட்ச் எண்ணவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

தமிழக அரசும் 2023 நவம்பர் 4-ந் தேதி "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தை ஆரம்பித்து, மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோ மீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. டோக்கியோவில் அப்படி ஒரு பாதையைப் பார்த்துவிட்டு வந்தவர் அப்போது சுகாதார மந்திரியாக இருந்த மா. சுப்பிரமணியம். விபத்தில் முழங்கால் அடிபட்ட பிறகு ஓட ஆரம்பித்து, நூற்றுக்கு மேல் அரை மராத்தான் ஓடியவர். நல்ல திட்டம்தான். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்பது மூட்டு வலிக்காரருக்குத் தூரம். 2019-ல் மாநகராட்சி ஆகிவிட்ட ஆவடியில், வார்டுக்கு ஒரு தெருவாவது மூடிய கால்வாயும் எரியும் விளக்குமாக இருந்தால் வாட்ச்காரர்கள் தாங்களே எண்ணிக்கொள்வார்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

முதல் ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். வழக்கம்போல் இருந்து, நாளைக்கு எத்தனை காலடி ஆகிறது என்று மட்டும் காலண்டரில் குறித்து வையுங்கள். 2 ஆயிரமா? அடுத்த வாரம் இரண்டாயிரத்து ஐந்நூறு. அப்படியே படிப்படியாக. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

சர்க்கரைக்காரர்கள் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். வந்ததும் காலைத் திருப்பிப் பார்த்துப் புண் இருக்கிறதா என்று கவனியுங்கள். நெஞ்சு அடைத்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். இன்னும் 300 பாக்கி என்று வாட்ச் சொல்லலாம். அதற்கு நெஞ்சு வலி தெரியாது.

வாட்ச் எண்ணாத ஒரு பயிற்சியும் உண்டு. 65-க்கு மேற்பட்டவர்கள் வாரம் 3 நாளாவது தசைக்கு வலுவும் உடம்புக்கு நிதானமும் தரும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். விழாமல் இருக்க இதுவும் உதவும். கருவியில் ஒரு ஸ்டெப் கூட ஏறாது.

வாட்சும் வேண்டாம், போனும் வேண்டாம் என்பவர்கள் வலது ஜேபியில் பத்துப் புளியங்கொட்டை போட்டுக்கொள்ளலாம். தெருவை ஒரு சுற்று வந்ததும் ஒன்றை எடுத்து இடது ஜேபிக்கு மாற்ற வேண்டியது. இதற்குச் சார்ஜ் போட வேண்டியதில்லை.